அளக்காத சாமை

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காவிட்டால் நான் கத்த வேண்டியிருக்கும். இது கத்திச் சொல்கிற கதை இல்லை. பிள்ளைக்கு அளக்க வேண்டிய சாமையை அப்பன்காரன் அளக்காமலே விட்ட கதை. கொல்லிமலைக்கு ரோடு ஏறாத காலம், வெள்ளைக்காரன் ஆண்ட காலம். அரியூர் நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர். களத்தில் சாமை அடித்துக் குவித்தாயிற்று. குவியலுக்குப் பக்கத்தில் செல்லமுத்து. களத்து எல்லைக்கல்லுக்கு வெளியே, வெறுங்கூடையோடு பாவாயி. முன்னாளில் அவன் பெண்சாதி. இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர், காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து பொதிமாட்டோடு மிளகு வாங்க வந்த சிராஜுதீன் ராவுத்தர். பேச்சு பாதியில் இருக்கிறது. அவர்கள் பேசட்டும், நாம் கேட்போம்.

ராவுத்தர்: இல்ல அம்மிணி, நான் மொளகு வாங்க வந்தவன். வழியில மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தவனை இழுத்துக்கிட்டு வந்து இப்படி நடுவுல நிறுத்திட்டியே…

பாவாயி: சித்த நேரந்தானுங்க ராவுத்தரே. அவருகிட்டக் கேளுங்க. அத்தாயிக்குண்டான சாமையை இந்த அறுவடைக்காவது அளக்கறாரான்னு.

ராவுத்தர்: அத்தாயிங்கறது?

பாவாயி: எங்க பிள்ளை பேருங்க. ஏழு வயசு.

ராவுத்தர்: அவன் இதா நிக்கறான். கூப்புடு தூரங்கூட இல்ல. நீயே கேட்டாத்தான் என்ன?

பாவாயி: நாங்க துரும்பு முறிச்சவங்க. நேருக்கு நேர் பேசப்படாதுங்க.

ராவுத்தர்: அது என்ன துரும்பு?

செல்லமுத்து: ராவுத்தரே… அந்தம்மாகிட்டச் சொல்லுங்க. நீங்க கீழ்நாட்டுக்காரரு, வெவரமாச் சொல்லோணும்னு.

ராவுத்தர்: கேட்டுச்சா அம்மிணி?

பாவாயி: கேட்டுச்சுங்க. ஆனா நீங்க சொன்னாத்தான் கேட்ட மாதிரி.

ராவுத்தர்: யா அல்லா… வெவரமாச் சொல்லோணுமாம்.

பாவாயி: பஞ்சாயத்துல புருசனும் பொண்டாட்டியும் ஒரே துரும்பை ஆளுக்கொரு பக்கம் புடிச்சு முறிச்சுப் போட்டாத் தீந்துச்சுங்க. அப்பறம் ஒருத்தருக்கொருத்தர் பேச்சு கெடையாது. சாட்சி முன்னால ஒரு வார்த்தை பேசிட்டாலும் துரும்பு ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம். மறுபடியும் ஒரே ஊடு, ஒரே அடுப்பு.

ராவுத்தர்: அதுக்கு உள்ளூர்ல ஒரு ஆளைக் கூட்டியாறது…

பாவாயி: உள்ளூர்ல எல்லாரும் எனக்கு மாமன், இல்லீன்னா அவருக்கு மச்சான். ஒருத்தன் கேட்டாள்னு சொல்லுவான், ஒருத்தன் கேக்கவே இல்லைம்பான். வெளியூருச் சாட்சிதான் செல்லும்.

ராவுத்தர்: போன வருசம் ஆரு மாட்டினது?

பாவாயி: கருப்பட்டி விக்க வந்தவரு.

ராவுத்தர்: அதுக்கு முந்தி?

பாவாயி: ஈயம் பூசறவரு. தெலுங்குக்காரரு. பாதிப் பேச்சு அவருக்குப் புரியலீங்க. ஆனா நல்லாத் தலையாட்டுனாரு.

செல்லமுத்து: ராவுத்தரே, சட்டுனு ஆகட்டுங்க. பொழுது எறங்குது.

ராவுத்தர்: நீ வேற அவசரப்படு. சரி, கேக்கறேன். செல்லமுத்து… பிள்ளைக்குண்டான சாமையை அளக்கறியான்னு கேக்குது.

செல்லமுத்து: இந்த வருசம் வெளைச்சல் பத்தலைன்னு சொல்லுங்க.

ராவுத்தர்: எப்பா, அந்தக் குவியலுக்குப் பின்னால நீ நிக்கறதே எனக்கு மொதல்ல தெரியல!

செல்லமுத்து: அது வெதைக்குங்க.

ராவுத்தர்: எது? இவ்வளவுமா? மலை பூராவும் நீ ஒருத்தனே வெதைக்கப் போறியா?

செல்லமுத்து: கையி கொஞ்சம் தாராளம்.

ராவுத்தர்: ஆகா. அது தெரியுது.

பாவாயி: என்னுங்க சொல்றாரு?

ராவுத்தர்: நீயும் கேட்டுக்கிட்டுத்தானே நிக்கற?

பாவாயி: நீங்க சொல்லோணுங்க.

ராவுத்தர்: வெதைக்காம்.

பாவாயி: சரிங்க. போன வருசம் எலி தின்னுருச்சுன்னாரு. அதுக்கு முந்தி மழையில மொளைச்சுப் போச்சுன்னாரு. இந்த வருசம் வெதை. வேற எதாவது சொல்றாருங்களா?

ராவுத்தர்: என்ன அம்மிணி, கோவமே வரலியா உனக்கு? எங்க ஊட்டுல இருக்கறவளா இருந்தா இந்நேரம் அந்தக் கூடை என் தலையில கவுந்திருக்கும்.

பாவாயி: கோவப்பட்டா என்னுங்க ஆகப் போகுது. வேற என்ன சொல்றாருன்னு கேளுங்க.

செல்லமுத்து: ஊர்ல பேசிக்கறாங்க… பிள்ளை வளந்தாப்பலயே தெரியலையாம். வளராத பிள்ளைக்கு எதுக்கு அத்தனை சாமைன்னு கேளுங்க.

ராவுத்தர்: அடப்பாவி! இதை நான் சொல்ல மாட்டேன்.

பாவாயி: சொல்லுங்க ராவுத்தரே. சாட்சி எதையும் முழுங்கப்படாது.

ராவுத்தர்: பிள்ளை வளரலியாம்.

பாவாயி: பாவாடை மொழங்காலுக்கு மேல ஏறிப்போச்சுன்னு சொல்லுங்க. முன்பல்லு விழுந்துருச்சு. கதவு நாதாங்கியை எட்டிப் புடிக்கறா.

செல்லமுத்து: நாதாங்கியையா…? எந்தக் கதவு?

ராவுத்தர்: எந்தக் கதவுன்னு கேக்கறான்.

பாவாயி: எங்கண்ணன் ஊட்டுக் கதவு. எங்கப்பன் காலத்துக் கதவு.

செல்லமுத்து: பொய்யிங்க. அது எனக்கே நெத்திக்கு வரும்.

ராவுத்தர்: பொய்யிங்கறான்.

பாவாயி: நுனிக்கால்ல நின்னு புடிக்கறா.

செல்லமுத்து: … அப்படிச் சொன்னாச் சரி.

ராவுத்தர்: இதையும் நான் சொல்லோணுமா?

பாவாயி: வேண்டாங்க.

செல்லமுத்து: ராத்திரியில இருமுதுன்னு ஒரு பேச்சு காதுல விழுந்துச்சு. இருமற பிள்ளைக்குச் சாமைச் சோறு ஆகாது. அதுக்கும் சேத்துத்தான் அளக்கலைன்னு சொல்லுங்க.

ராவுத்தர்: உன்ற நாக்குல என்ன, எலும்பே இல்லியா? இருமுதாம், அதனால சாமை ஆகாதாம்.

பாவாயி: இருமல் ஐப்பசியோட நின்னுபோச்சுன்னு சொல்லுங்க. தேனும் மொளகும் இடிச்சுக் குடுத்தேன்.

செல்லமுத்து: எத்தனை நாளு?

ராவுத்தர்: இந்தா, செல்லமுத்து. ஒண்ணு வைத்தியம் பாரு, இல்லீன்னா சாமை அள. ரெண்டுல எதுக்கு என்னை நிறுத்தி வெச்சிருக்கீங்க?

செல்லமுத்து: அளக்க முடியாதுங்க.

ராவுத்தர்: ஏன் முடியாது?

செல்லமுத்து: மனசு இல்லீங்க.

ராவுத்தர்: மனசு இல்லை… அம்மிணி, நீ என்ன வெச்சு அந்தப் பிள்ளைக்குச் சோறு போடறே?

பாவாயி: எங்கண்ணன் பங்குல ஒரு சரிவு குடுத்திருக்காரு. ராகி போட்டிருக்கேன். காட்டுல கெழங்கு தோண்டுவேன். எங்கண்ணன் பொண்டாட்டி சட்டியைக் கொஞ்சம் சத்தமா வெப்பா. அதெல்லாம் பழகிப் போச்சுங்க.

ராவுத்தர்: கேட்டியா? சட்டிச் சத்தத்துல வளருது உம் பிள்ளை. நீ இங்க குவியலுக்குக் காவல் நிக்கறே. ஊர்ல உன்னை என்னன்னு பேசறாங்கன்னு தெரியுமா?

செல்லமுத்து: தெரியுங்க. கோயில் நோம்பியில எனக்கு எலை போடறதில்ல. பொங்கச் சோறு எல்லாருக்கும் எலையில, எனக்கு மட்டும் கையில. பிள்ளைக்கு அளக்காதவனுக்கு அப்படித்தான்.

ராவுத்தர்: அப்பறமும் உனக்கு ரோசம் வரலை?

செல்லமுத்து: கையில வாங்கினா எடுத்துப் போட எலை இல்லீங்க. அது ஒரு சௌகரியம்.

ராவுத்தர்: போதும். எனக்குப் பொறுக்கலை. நானும் பிள்ளை குட்டி பெத்தவன். அந்த வள்ளத்தை இங்க குடு.

செல்லமுத்து: எதுக்குங்க?

ராவுத்தர்: அளக்கத்தான். வள்ளத்தை வெச்சு வேற என்ன பண்ணுவாங்க, தலைக்கா வெப்பாங்க? உன் மொளகுக்கு நான் குடுக்கற காசுல இந்தச் சாமைக்கும் சேத்துக் குடுத்தர்றேன். வாங்கினவன் ஆருக்கு வேணாலும் அளப்பேன்.

செல்லமுத்து: ராவுத்தரே, சாமை விக்கறதுக்கு இல்லீங்க.

ராவுத்தர்: இப்ப வித்தாச்சு. அம்மிணி, கூடையைக் கொண்டா.

பாவாயி: வேண்டாங்க ராவுத்தரே. அவரு குடுக்காட்டிப் போகட்டும்…

ராவுத்தர்: நீ கூச்சப்படாதே. உனக்கா குடுக்கறேன், பிள்ளைக்குக் குடுக்கறேன். இதா, கோபுரமா அளந்துட்டேன்.

செல்லமுத்து: களத்துல அடுத்தவங்க கை வெக்கப்படாதுங்க! சாமி குத்தமாயிரும்!

ராவுத்தர்: உங்க சாமிக்கும் பிள்ளைகுட்டி உண்டுல்ல? கோவிச்சுக்க மாட்டாரு. கூடையை நீட்டு தாயி. நீட்டு சொல்றேன். நானே வாரேன்…

பாவாயி: ஐயோ, கிட்ட வராதீங்க… வள்ளம் சாயுது… ஏனுங்க மாமா, பாத்துட்டு நிக்கறீங்களே! அவரு கையைப் புடியுங்க!

செல்லமுத்து: நீ கூடையைக் கவுத்து பாவாயி! கவுத்துட்டு மேல உக்காரு!

பாவாயி: உக்காந்துட்டனுங்க!

ராவுத்தர்: கையை விடு செல்லமுத்து. வள்ளம் எங்கியும் ஓடிப் போகாது.

செல்லமுத்து: சிந்துச்சுங்களா?

ராவுத்தர்: குவியல் மேலயே சிந்துச்சு.

செல்லமுத்து: கூடையில ஒரு மணி கூட…

பாவாயி: விழலைன்னு சொல்லுங்க ராவுத்தரே. ஒரு மணி கூட விழலீங்க.

ராவுத்தர்: இப்ப மட்டும் என் வாயி வேணுமா? கொஞ்சம் முந்தி எனக்கு ஒரு வேலையும் இல்லை. நீ அவனை மாமான்னே. அவன் உன்னைப் பேர் சொல்லிக் கூப்புட்டான். நடுவுல நான் வள்ளத்தோட நின்னேன்.

செல்லமுத்து: சுத்தி ஆருமில்லீங்களே?

ராவுத்தர்: மாடு இருக்குது. அது வெளியூரு மாடு, சாட்சிக்குச் செல்லுமோ என்னமோ.

பாவாயி: ராவுத்தரே… நீங்க அதைக் கேக்காத மாதிரி இருந்துக்கோங்க. உங்க காலுல விழறேன்.

ராவுத்தர்: எந்திரி, எந்திரி. கூடை மேல உக்காந்துக்கிட்டே காலுல விழறவளை இப்பத்தான் பாக்கறேன். மொதல்ல இதைச் சொல்லு. சாமை கேட்டுத்தானே வந்தே? குடுக்கப் போனா எதுக்குக் கூடையைக் கவுத்தே?

பாவாயி: அவரையே கேளுங்க.

ராவுத்தர்: நீ சொல்லு செல்லமுத்து.

செல்லமுத்து: இந்தக் களத்துச் சாமை அந்தக் கூடையில விழுந்தா… அளந்த கை ஆரோடதா இருந்தாலும்… அப்பன் ஊடு சோறு போட்டுதுன்னு ஆயிரும். அப்ப பிள்ளை இந்த ஊட்டுப் பிள்ளை. புதுப் பல்லு மொளைச்சதும் இங்க கூட்டியாந்தரோணும்.

ராவுத்தர்: அளக்காட்டி?

செல்லமுத்து: மூணு அறுவடைக்குக் கேட்டும் அளக்காட்டி, பிள்ளை தாயோட ஊட்டுக்கு. அப்பறம் இந்த ஊட்டுல ஒருத்தருக்கும் அது மேல பேச்சு கெடையாது.

ராவுத்தர்: இது எத்தனாவது?

செல்லமுத்து: மூணாவதுங்க. பொழுது சாஞ்சா முடிஞ்சுது.

ராவுத்தர்: அப்ப பேசாம ஊட்டுலயே இருந்திருக்கலாமே அம்மிணி? எதுக்கு வந்து கேக்கறே?

பாவாயி: கேக்கவே இல்லைன்னா வேண்டாம்னு விட்டுக்குடுத்ததாட்டம் ஆயிருங்க. அவரு ஊட்டுக்காரங்க எப்ப வேணாலும் வந்து கூட்டிட்டுப் போலாம். சாட்சி முன்னால கேக்கோணும். கேட்டு, இல்லைன்னு வாங்கிக்கிட்டுப் போகோணும்.

ராவுத்தர்: இல்லைன்னு வாங்கிக்கிட்டுப் போறதுக்கா இவ்வளவு பெரிய கூடை?

பாவாயி: சின்னக் கூடை கொண்டாந்தா சந்தேகம் வந்துருமுங்க.

ராவுத்தர்: சரிதான்… நான் ஒருத்தன் புண்ணியம் தேடிக்கிட்டு வந்து உங்க பிள்ளையவே தூக்கிக் குடுக்கப் பாத்தேன். உனக்குப் பிள்ளை வேணும், அது புரியுது. செல்லமுத்து, உனக்கு வேண்டாமா?

செல்லமுத்து: வேணுங்க.

ராவுத்தர்: அப்பறம்?

செல்லமுத்து: எங்கப்பன் எங்கத்தைக்கு வாக்குக் குடுத்துட்டாருங்க. அத்தாயி நாலு வயசா இருக்கறப்பவே. பல்லு மொளைச்சதும் அவங்க ஊட்டுக்கு அனுப்பி வெக்கறது. அங்க தண்ணி தூக்கி, மாடு மேய்ச்சு வளரோணும். பெரியவளானா எங்கத்தை மகனுக்குக் கட்டி வெக்கறது.

ராவுத்தர்: எவன் அத்தை மகன்?

செல்லமுத்து: சின்னராசுங்க.

ராவுத்தர்: எந்தச் சின்னராசு? போன வருசம் மேடு ஏறலைன்னு என்ற மாட்டை முள்ளுத்தடியில குத்தினானே, அவனா?

செல்லமுத்து: அவனேதானுங்க.

ராவுத்தர்: அவனுக்கு என்ன வயசாகுது, உன் வயசு இருக்குமே!

செல்லமுத்து: எனக்கு மூத்தவனுங்க. கட்டுனவ ஒருத்தி ராத்திரியோட ராத்திரியா மலையெறங்கி ஓடிட்டா. இன்னொருத்தி இருக்கறா. நேரா நிமுந்து நடக்க மாட்டா.

ராவுத்தர்: முடியாதுன்னு உங்கப்பன்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே?

செல்லமுத்து: சொன்னேனுங்க. பஞ்சாயத்தைக் கூட்டிட்டாரு. வாக்கு ஊட்டோட வாக்கு, ஊட்டுல இருக்கற பொண்ணு அதுக்குக் கட்டுப்பட்டதுன்னு தீத்துட்டாங்க. போன ஆடியில அப்பன் போயிட்டாரு. வாக்கு போகலீங்க.

ராவுத்தர்: ஊட்டுல இருக்கற பொண்ணு…

செல்லமுத்து: ஆமாங்க. இந்த ஊட்டுல இல்லாத பொண்ணுக்கு அந்த வாக்கு சேராது.

ராவுத்தர்: அதனால எலி தின்னுருச்சு.

செல்லமுத்து: ஆமாங்க.

ராவுத்தர்: மழையில மொளைச்சுப் போச்சு.

செல்லமுத்து: அது கொஞ்சம் நெசமுங்க. ஓரத்துல மொளைச்சுது.

ராவுத்தர்: பிள்ளையைப் பாத்து எத்தனை நாளாச்சு?

செல்லமுத்து: அளக்காத அப்பன் பாக்கப்படாதுங்க. துரும்பு முறிச்ச அன்னைக்குப் பாத்தது. அப்ப நாதாங்கிக்குப் பாதி இருந்தா.

பாவாயி: பாதிக்கும் கொறைச்சல்னு சொல்லுங்க.

ராவுத்தர்: பாதிக்கும் கொறைச்சலாம்.

செல்லமுத்து: சரிங்க.

ராவுத்தர்: இப்ப நான் என்ன பண்ணோணும்?

பாவாயி: போற வழியில ஊர்க்கவுண்டரு கோயில் முன்னால உக்காந்திருப்பாருங்க. சாட்சிக்கு மூணு கேள்வி கேப்பாரு. கேட்டாளான்னு கேப்பாரு. ஆமான்னு சொல்லுங்க. அளந்தானான்னு கேப்பாரு. இல்லைன்னு சொல்லுங்க.

ராவுத்தர்: ரெண்டும் நெசந்தான். மூணாவது?

பாவாயி: … அவங்களுக்குள்ள பேசிக்கிட்டாங்களான்னு கேப்பாரு.

ராவுத்தர்: அப்படி வா.

செல்லமுத்து: பேசிக்கிட்டாங்கன்னா, இன்னைக்கே இவ இங்க வந்து அடுப்புப் பத்த வெக்கோணும். பிள்ளையும் கூட வந்துரும். நாளைக்கே சின்னராசு வாசல்ல நிப்பான்.

ராவுத்தர்: நான் தராசு புடிக்கறவனப்பா. மலைக்கு ஏற ஆரம்பிச்ச நாள்ல இருந்து எடையிலயும் பேச்சுலயும் பொய் சொன்னதில்ல. அதனாலதான் எனக்கு மொளகு குடுக்கறீங்க.

பாவாயி: தெரியுங்க. அதுக்குத்தான் உங்களைக் கூட்டியாந்தேன். நீங்க சொன்னா ஊர்க்கவுண்டரு மறுபேச்சு பேச மாட்டாருன்னு.

ராவுத்தர்: நல்லவனாப் பாத்துப் புடிச்சே. அந்த ஈயம் பூசறவனையே கூட்டியாந்திருக்கலாம்.

செல்லமுத்து: அவருக்கு இந்த வருசம் சீக்குங்க. மலையேறலை.

ராவுத்தர்: இரு, யோசிக்கறேன்… எனக்குக் காது மந்தம்னு சொல்லிட்டா? பேசினாங்களோ என்னமோ, எனக்குக் கேக்கலைன்னு? அது அவ்வளவு பெரிய பொய்யி இல்ல. எடது காது கொஞ்சம் மந்தந்தான்.

செல்லமுத்து: செவிட்டுச் சாட்சி செல்லாதுங்க. கேட்டாளான்னு எப்படிச் சொன்னேம்பாரு. மறுபடியும் வேற சாட்சி தேடோணும். பொழுது இல்லீங்க.

ராவுத்தர்: நான் திரும்பி நின்னேன், மாட்டைப் பாத்துக்கிட்டு இருந்தேன்னு சொன்னா?

பாவாயி: பாக்காத சாட்சியும் செல்லாதுங்க.

ராவுத்தர்: உங்க ஊர்ச் சட்டத்தை ஆரப்பா எழுதுனது? ஒரு சந்து பொந்து விட்டு வெக்கலையே. வெள்ளைக்காரன் கச்சேரியே தேவலை போல. ரெண்டு பேரும் அப்படி என் மூஞ்சியையே பாக்காதீங்க. சொல்லிக்கறேன்.

பாவாயி: என்னன்னுங்க சொல்லுவீங்க?

ராவுத்தர்: பேசலைன்னு. ஒரு வார்த்தை பேசலை, ரெண்டும் ரெண்டு பாறாங்கல்லாட்டம் நின்னுச்சுன்னு. அல்லா கேட்டா அங்க நான் பதில் சொல்லிக்கறேன். அவன்கிட்டயாவது ஒரு சந்து பொந்து இருக்கும்.

பாவாயி: ராவுத்தரே…

ராவுத்தர்: அழுகாதே அம்மிணி. அழுதுக்கிட்டுப் போனா கவுண்டருக்குச் சந்தேகம் வரும்.

பாவாயி: அழலாமுங்க. சாமை கெடைக்காதவ அழுதுக்கிட்டுத்தானே போவா.

ராவுத்தர்: அதுவுஞ்சரி. அப்ப நல்லாவே அழு.

செல்லமுத்து: மொளகு ஊட்டுக்குள்ள மூட்டை கட்டி வெச்சிருக்கறேனுங்க. வெலை நீங்க பாத்துப் போட்டுக்கோங்க.

ராவுத்தர்: மொளகை எலி தின்னலியா?

செல்லமுத்து: ஒறைக்குமில்லீங்களா.

ராவுத்தர்: வெலையெல்லாம் வழக்கப்படிதான். பொய்க்குக் கூலி வாங்கினா அது ரெண்டாவது பொய்யாயிரும். ஒண்ணு கேக்கோணும். இன்னைக்குப் பொழுது சாஞ்சுட்டா அம்மிணி இனிமே இங்க வர வேண்டியதில்ல?

பாவாயி: இல்லீங்க. இனிமே கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல.

ராவுத்தர்: அப்ப எங்க பாத்துக்குவீங்க?

செல்லமுத்து: கோயில் நோம்பிக்கு வருவாங்க. அந்தக் கோடியில அவங்க, இந்தக் கோடியில நானு.

ராவுத்தர்: பேசாம?

செல்லமுத்து: பேசறதுக்கு ஒரு ராவுத்தரு வேணுமில்லீங்களா.

ராவுத்தர்: பிள்ளை?

பாவாயி: அது தானா அவருகிட்டப் போனா ஒருத்தரும் தடுக்க முடியாதுங்க. அப்பன் கூப்புடத்தான் படாது.

ராவுத்தர்: அது போகுமா?

பாவாயி: இப்பப் போகாதுங்க. எங்கப்பன் சாமை அளக்காதவன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறா. நெசம் சொன்னா அவ வாயில நிக்காது. வெவரம் தெரியட்டும், சொல்லுவேன்.

செல்லமுத்து: அவசரமில்லைன்னு சொல்லுங்க.

ராவுத்தர்: அவசரமில்லியாம்.

பாவாயி: எனக்கும் தெரியும்னு சொல்லுங்க.

ராவுத்தர்: அவளுக்கும் தெரியுமாம்… அடேயப்பா, நாலு மூட்டை சொமந்திருந்தாக் கூட வாயி இப்படி வலிச்சிருக்காது.

செல்லமுத்து: வாயிலயா சொமப்பீங்க?

ராவுத்தர்: இன்னைக்கு அங்கதான் சொமந்தேன். சரி, கூடையை எடு தாயி. மூட்டையைப் பொதியில ஏத்து செல்லமுத்து. அதுக்கு முந்தி ஒண்ணே ஒண்ணு. பொய்ச் சாட்சி சொல்லப் போறவனுக்கு முழு நெசமும் தெரியோணும். பிள்ளை சமாச்சாரம் புரிஞ்சுது. ஆனா துரும்பு முறிக்கற அளவுக்கு உங்க ரெண்டு பேருக்கும் அப்படி என்ன சண்டை?

செல்லமுத்து: அதை அந்தம்மாகிட்டயே கேளுங்க.

ராவுத்தர்: அம்மிணி, என்ன சண்டை?

பாவாயி: சண்டைன்னு ஒண்ணுமே இல்லீங்க ராவுத்தரே. ஆனா சண்டை இல்லாம பஞ்சாயத்து துரும்பு குடுக்காது, துரும்பு முறியாம பிள்ளையை இந்த ஊட்டை விட்டு எடுத்துக்கிட்டுப் போக முடியாது. இவருக்குக் கோவப்படவே தெரியாதுங்க. அதனால முந்தின நாளு மொளகுக் கொடிக்கடியில உக்கார வெச்சு, என்னை எப்படி எப்படித் திட்டோணும்னு நானே பொழுதுக்கும் சொல்லிக் குடுத்தேன். பஞ்சாயத்துல பாதியிலயே மறந்துபோயி, அடுத்தது என்னன்னு என்ற மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னாரு. மிச்சத்தை நாந்தான் திட்டி முடிச்சேன்.

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அளக்க வேண்டியது குறையாமல் அளக்கப்படட்டும். அளக்கிற கையும் வாங்குகிற கையும் ஒரே அடுப்பில் குளிர் காயட்டும். நன்றாக இருங்கள்.